அழிக்காத ரீடர் எது?

போன தை மாதம் என் ஃபீட் ரீடரில் ஒரு புதுப் பதிவு வந்து விழுந்தது. அந்த ஓடைக்கு நான் வைத்திருந்த பெயர் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியருடையது. அவர் காலமாகி அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பதிவின் தலைப்போ, ஆன்லைன் ரம்மியில் முதல் தடவை பணம் கட்டினால் எவ்வளவு போனஸ் கிடைக்கும் என்பது.

என்ன நடந்திருக்கும் என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. ஐயா சொந்த டொமைன் வாங்கி வேர்ட்பிரஸ்ஸில் எழுதி வந்தவர். அவருக்குப் பிறகு வருடாவருடம் கட்ட வேண்டிய பணத்தை யாரும் கட்டவில்லை. அப்படி ஒன்று கட்டணும் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. காலாவதியான டொமைனை எவனோ வாங்கி, பழைய ஓடை முகவரியிலேயே தன் சரக்கை ஏற்றிவிட்டான். ரீடர் என்ன செய்யும்? அதுக்கு ஆளைத் தெரியாது, முகவரிதான் தெரியும். போய்க் கேட்டது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்து ஐயாவின் பெயருக்குக் கீழே வைத்தது.

அவர் எழுதியது ரம்மி மாதிரி ஆயிரம் பேர் எழுதுகிற விஷயம் இல்லை. எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் உள்ள குமிழித்தூம்புக் கல்வெட்டுகள். தெரியாதவர்களுக்கு: கரையிலிருந்து தள்ளி, நீர்ப்பரப்புக்கு உள்ளேயே இரண்டு கல்தூண்கள் நிற்கும், நடுவில் குறுக்குக் கற்கள். கீழே தொட்டி, அதில் துளை, துளையை அடைக்கும் கல். அடைப்பைத் தூக்கினால் நீர் கரைக்கு அடியில் இருக்கும் சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். அந்தத் தூணில்தான் தூம்பை வைத்துக் கொடுத்தவன் பெயரை வெட்டியிருப்பார்கள். சித்தன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் வருகிறவர்கள் இதைப் பார்க்க மாட்டார்கள். புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929லேயே அச்சில் வந்துவிட்டன என்றாலும், அதில் இடம்பெறாத தூம்புகள் பல உண்டு. ஐயா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போய், முழங்கால் சேற்றில் இறங்கி, கல்லில் மாவு தடவிப் படித்து, வீட்டுக்கு வந்து பதிவு போடுவார். பின்னூட்டம் இரண்டு வரும். அதில் ஒன்று என்னுடையதாக இருக்கும்.

ரம்மிப் பதிவு வந்த அடுத்த வாரம் அவர் மகள் போன் பண்ணினார். "அண்ணே, அப்பா எழுதுனதெல்லாம் நெட்ல காணோம். நீங்க தொடர்ந்து படிச்சீங்கள்ல, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல?"

இருக்கும்மா என்று சொல்லிவிட்டேன். இருபது வருடமா சாஃப்ட்வேர் எழுதுகிறவன் சொன்ன பதில் இது. ரீடரைத் திறந்து பார்த்தால் அந்த ஓடையில் ரம்மியைத் தவிர ஒன்பது பதிவுதான் இருந்தது. செட்டிங்ஸுக்குள் ஐந்து திரை தாண்டி ஒரு சின்னக் கட்டம், அதில் முன்கூட்டியே போடப்பட்ட ஒரு டிக்: படித்து முடித்த பதிவுகளை 90 நாளில் நீக்கு. ஆக, நான் உட்கார்ந்து வாசித்ததெல்லாம் போய்விட்டது. சோம்பேறித்தனத்தால் திறக்காமல் விட்ட ஒன்பது மட்டும் பத்திரமாக இருந்தது.

அந்த ரீடரின் பெயர் இங்கே வேண்டாம். அது சொன்னதைத்தான் செய்தது, நான்தான் படிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து "டெஸ்க்டாப்புக்கு எந்த ரீடர் நல்லது?" என்று யார் கேட்டாலும் நான் பார்க்கிற முதல் விஷயம் மாறிவிட்டது. இணையத்தில் இருக்கிற ஒப்பீட்டுக் கட்டுரைகள் எல்லாம் தோற்றம், டார்க் மோட், குறுக்குவிசை, போனோடு ஒத்திசைவு என்று வரிசை போடும். எதை எப்போது அழிக்கும் என்று ஒரு வரி இருக்காது. எனக்கு அந்த ஒரு வரி போதும், மற்றதெல்லாம் அப்புறம்.

ஓடை என்பது என்ன என்று ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டால் இது ஏன் முக்கியம் என்று புரியும். ஆர்எஸ்எஸ் 1999ல் நெட்ஸ்கேப்பில் பிறந்தது. ஆட்டம் வடிவம் 2005 டிசம்பரில் தரமாக்கப்பட்டது. இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். தளத்தில் ஒரு கோப்பு இருக்கும், அதில் கடைசியாக எழுதிய சில பதிவுகள் மட்டும் இருக்கும். வேர்ட்பிரஸ் இயல்பாகப் பத்து வைக்கும், பிளாகர் இருபத்தைந்து. பதினோராவது எழுதியதும் முதலாவது கோப்பிலிருந்து விழுந்துவிடும். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பது மாதிரி. போனவர்களை நீங்கள் பார்த்திருந்தால்தான் உண்டு. பார்த்ததைக் குறித்து வைப்பதுதான் ரீடரின் வேலை என்று நான் நினைக்கிறேன். பல ரீடர்களை எழுதியவர்கள் அப்படி நினைக்கவில்லை. அவர்களுக்கு அது இன்பாக்ஸ், காலி செய்ய வேண்டியது.

என் வயதுக்காரர்களுக்கு இந்தக் கவலை ரொம்ப நாள் வராமல் போனதுக்கு ஒரு காரணம் உண்டு. 2005 அக்டோபரில் வந்த கூகுள் ரீடர் எதையும் அழிக்கவில்லை. யாரோ ஒருவர் ஒரு ஓடையைச் சந்தா பிடித்திருந்தால் போதும், அதன் பழைய பதிவுகள் கூகுளிடம் தங்கிவிடும். நாம் புதிதாகச் சேர்ந்தாலும் பின்னோக்கிப் படிக்கலாம். மூல வலைப்பூ அழிந்தாலும் அங்கே இருக்கும். அது ஒரு பெரிய ஆவணக் காப்பகம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். 2013 மார்ச் 13ல் மூடப்போவதாக அறிவித்து ஜூலை 1ல் மூடினார்கள். கையோடு எடுத்துப் போகச் சொல்லிக் கொடுத்தது சந்தாப் பட்டியல், நட்சத்திரமிட்ட பதிவுகள், அந்த மாதிரி சில. மொத்தக் கிடங்கும் அவர்களோடு போயிற்று. விண்டோஸில் அப்போது நல்ல பெயர் வாங்கியிருந்த ஃபீட்டீமனையும் அது சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஒத்திசைவுக்கு கூகுள் ரீடரை நம்பியிருந்ததால் அதை எழுதிய நிக் பிராட்பரி தானும் நிறுத்திவிட்டார். டெஸ்க்டாப்பில் ஐகான் இருக்கிறது என்பதால் அது டெஸ்க்டாப் செயலி ஆகிவிடாது. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம் இது, கற்றுக்கொள்ளவில்லை.

தமிழில் நிலைமை இன்னும் கொஞ்சம் வேறு. நம்மில் பெரும்பாலானோர் ரீடர் வழியாகப் பதிவு படிக்கவே இல்லை, திரட்டி வழியாகப் படித்தோம். காசி ஆறுமுகம் 2004ல் தொடங்கிய தமிழ்மணம், பிறகு தேன்கூடு, தமிழ்வெளி, இண்ட்லி. திரட்டியும் ஓடையைத்தான் வாசிக்கிறது, ஆனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில். சூடான இடுகை, மறுமொழி நிலவரம், வாசகர் பரிந்துரை என்று அதுக்கு ஒரு திருவிழாக் களை உண்டு. ஆனால் திரட்டி வைத்திருந்தது தலைப்பும் முதல் சில வரிகளும்தான். திரட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தபோது, எங்கே போய்ப் படிப்பது என்ற வழியும் சேர்ந்து மறைந்தது. ஆளாளுக்குச் சொந்த ரீடர் வைத்திருந்தால் இந்த அடி இவ்வளவு பலமாக விழுந்திருக்காது.

எங்க ஊரில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2015 அக்டோபர் 11ல் புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடந்தது. கவிஞர் நா. முத்துநிலவனும் கணினித் தமிழ்ச் சங்க நண்பர்களும் எடுத்து நடத்தியது. அதில் 'உலகத் தமிழ் வலைப்பதிவர் கையேடு' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். பதிவர் பெயர், வலைப்பூ முகவரி என்று அச்சில் ஒரு பட்டியல். இணையத்தில் எழுதுகிறவர்களுக்கு எதுக்குக் காகிதத்தில் முகவரிப் புத்தகம் என்று அப்போது நான் சிரித்ததுண்டு. இப்போது அந்தக் கையேடு என் மேஜையிலேயே கிடக்கிறது. அதைப் பார்த்து ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்க்கிற வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறேன். சில வீடு பூட்டிக் கிடக்கிறது, சிலது இடிந்துவிட்டது. முகவரி மட்டும் அச்சில் தெளிவாக இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரீடர் விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் பாராட்டுகிற ஒரு வசதி ஓபிஎம்எல் ஏற்றுமதி. "உங்கள் தரவு உங்களிடமே, எந்த ரீடருக்கும் மாறிக்கொள்ளலாம்" என்று எழுதுவார்கள். ஓபிஎம்எல் கோப்பைத் திறந்து பாருங்கள், உள்ளே இருப்பது ஓடைகளின் பெயரும் முகவரியும்தான். அதாவது அது அந்தக் கையேடு. அதே புதுக்கோட்டையில், திருக்கோகர்ணத்தில், பா. கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதி உருவாக்கிய ஞானாலயா இருக்கிறது. முதல் பதிப்புகளையும் பழைய இதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்த வீட்டு நூலகம். அச்சிட்டவனிடம் இல்லாதது அங்கே இருக்கும். நமக்கு வேண்டியது கையேடா ஞானாலயாவா? ஓபிஎம்எல் இருந்தால் போதும் என்று சொல்கிற ரீடர் கையேட்டைக் கொடுத்துவிட்டு நூலகம் கொடுத்ததாகச் சொல்கிறது.

சரி, செயலிகளுக்கு வருவோம். நான் நாளாந்தம் வைத்துப் புழங்கியதை மட்டும் சொல்கிறேன்.

தண்டர்பேர்ட். இது மின்னஞ்சல் செயலி, ஓடை அதில் ஒரு ஓரத்துத் திண்ணை. ரீடர் பட்டியல்களில் இதைக் கடைசியில் போடுவார்கள், அழகில்லை என்பதால். அழகில்லைதான். நூறு ஓடைக்கு மேல் போனால் புதுப்பிக்கும்போது முனகும். ஆனால் ஒவ்வொரு பதிவையும் அது ஒரு கடிதமாக நினைத்து வைக்கிறது. கடிதத்தைக் கேட்காமல் கிழிக்கக் கூடாது என்ற மின்னஞ்சல்காரர்களின் பழைய ஒழுக்கம் ஓடைக்கும் வந்துவிடுகிறது. நீங்களாகச் சொல்லாத வரை அழிக்காது. சேமிக்கிற வடிவம் எம்பாக்ஸ், ரொம்பப் பழசு. தண்டர்பேர்டே நாளைக்கு இல்லாவிட்டாலும் நோட்பேடில் திறந்தால் எழுத்து தெரியும். ஒன்றே ஒன்று, பதிவைத் திறக்கும்போது இணையப் பக்கத்தை ஏற்றாமல் சேமித்த சுருக்கத்தைக் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உள்ளே சரக்கு இருந்தும் இறந்துபோன தளத்தின் பிழைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

லைஃபெரியா லினக்ஸ்காரர்களுக்கு. படிக்க ரொம்பச் சுகம், நான் இரண்டு வருடம் அதில்தான் இருந்தேன். ஓடைக்கு இத்தனை பதிவுதான் என்று ஒரு எண்ணிக்கை வைத்திருக்கும், அதுக்கு மேல் போனால் பழசு விழும். நல்ல விஷயம், ஒவ்வொரு ஓடையின் பண்புகளிலும் போய் 'வரம்பில்லாமல்' என்று மாற்றலாம். கெட்ட விஷயம், அதை மாற்றணும் என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். முதல் இரண்டு வரி மட்டும் தருகிற ஓடைகளுக்கு மூலப் பக்கத்திலிருந்து முழுக் கட்டுரையையும் இழுத்து வைக்கும் வசதி இதில் உண்டு. பிபிசி தமிழ் மாதிரி தலைப்பும் சுருக்கமும் தரும் செய்தி ஓடைகளுக்கு இது இல்லாவிட்டால் நீங்கள் சேமிப்பது வெறும் சுவரொட்டி.

கேடிஈ புழங்குகிறவர்களுக்கு அக்ரிகேட்டர். அழிக்கிறதா வைக்கிறதா என்ற கேள்வியை செட்டிங்ஸில் 'ஆவணக் காப்பு' என்றே ஒரு பக்கம் போட்டு நேராகக் கேட்கிறது. எல்லாவற்றையும் வை, இத்தனை வை, இத்தனை நாள் வை, வைக்கவே வேண்டாம். இப்படி வெளிப்படையாகக் கேட்பது மரியாதை. மற்றபடி அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

விண்டோஸில் க்வைட்ஆர்எஸ்எஸ் பலருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. லேசு, வேகம். ஆனால் கடைசி வெளியீடு 2020ல். உள்ளே இருக்கும் இணைய எஞ்சின் அதைவிடப் பழசு. ஊர் பேர் தெரியாத தளங்களை அதில் திறப்பது கதவைத் தாழ் போடாமல் தூங்குவது மாதிரி. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. தரவு எஸ்க்யூலைட் கோப்பில் இருக்கிறது, எடுத்துவிடலாம். புதிதாகத் தொடங்க வேண்டாம்.

மேக் என்னிடம் இல்லை. நெட்நியூஸ்வயர் பற்றி ஒரு வரி மட்டும்: 2002ல் பிரென்ட் சிம்மன்ஸ் எழுதியது, இரண்டு நிறுவனங்களுக்குக் கைமாறி, 2018ல் அவரிடமே திரும்பி, 2019ல் திறமூலமாக வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்து, அவள் திரும்பி வந்து, சொந்த வீட்டிலேயே நிம்மதியாக இருக்கிற கதை. டெர்மினலில் ஓடும் நியூஸ்போட்டை ஆசையாக முயன்று பார்த்தேன். என் டெர்மினலில் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் 'க' அநாதையாக நின்றது. தமிழ் படிக்கிறவனுக்கு அது சரிப்படாது.

இப்போது நான் இருப்பது ஆர்எஸ்எஸ் கார்டில். மார்ட்டின் ராட்டர் என்பவர் எழுதிப் பராமரிப்பது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முகப்பைப் பார்த்தால் விமான ஓட்டியின் அறை மாதிரி ஒரே பொத்தான் மயம். அதைக் குறை சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். நான் அங்கே போனது இரண்டு காரணத்துக்காக. எல்லாப் பதிவும் ஒரே எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பை நகலெடுத்தால் என் நூலகம் மொத்தமும் நகலாகிவிடும். ரெண்டாவது, பதிவு உள்ளே வரும்போதே ஜாவாஸ்கிரிப்டில் வடிகட்டி எழுதி நிறுத்தலாம். ரம்மி, கேசினோ, போனஸ் மூன்று சொல் போதும், ஐயாவின் பெயருக்குக் கீழே இனி அது வராது. (அந்த ஓடையை நீக்கிவிட்டால் போச்சே என்பீர்கள். நீக்கினால் உள்ளே இருக்கும் பழைய பதிவுகளும் சேர்ந்து போகும்.)

இங்கே எல்லா ரீடர்களின் மீதும் எனக்கு ஒரு புகார் உண்டு. ஆட்டம் ஓடையில் ஓடைக்கென்று ஒரு நிரந்தர அடையாளம் இருக்க வேண்டும் என்பது விதி. அது திடீரென்று மாறினால் வீட்டில் வேறு ஆள் குடிவந்துவிட்டான் என்று அர்த்தம். ஆர்எஸ்எஸ் 2.0ல் அப்படி ஒன்று இல்லை, ஆனாலும் தலைப்பு, மொழி, தளத்தின் விவரம் எல்லாம் ஒரே நாளில் மாறினால் சந்தேகப்பட ஒரு நிரலுக்கு எவ்வளவு அறிவு வேண்டும்? "இந்த ஓடை கைமாறியது போலத் தெரிகிறது" என்று ஒரு எச்சரிக்கை. நான் புழங்கிய எதிலும் இதைப் பார்க்கவில்லை.

தேடல் பற்றித் தனியாகச் சொல்லணும், ஏனென்றால் வைத்திருந்தும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன பிரயோஜனம். பெரும்பாலான ரீடர்களின் தேடல் வெறும் எழுத்து ஒப்பீடு. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனியாக. திரையில் இரண்டும் ஒன்று, கோப்புக்குள் வேறு வேறு. பழைய எழுதி மென்பொருள்களில் அடித்த பதிவுகளில் இரண்டாவது விதம் நிறைய வரும். 'கொடும்பாளூர்' என்று தேடினால் பாதிப் பதிவு சிக்காது. பொது வடிவத்துக்கு மாற்றிச் சேமித்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது. 'பௌர்ணமி'யை 'பெளர்ணமி' என்று ளகரம் போட்டு அடித்தவர்களை மட்டும் எந்த யூனிகோட் விதியாலும் காப்பாற்ற முடியாது.

இதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று என் டேட்டாபேஸ் மீது எஸ்க்யூலைட்டின் எஃப்டிஎஸ்5 என்ற முழுஉரைத் தேடலைப் பொருத்தினேன். 'தூம்பு' என்று தேடினேன். தும்பி வந்தது. தும்பைப்பூ வந்தது. ஒரு சிறுகதையில் யாரோ தேம்பி அழுதார்கள், அதுவும் வந்தது. அரை நாள் மண்டையைக் குடைந்த பிறகு புரிந்தது. அந்தத் தேடலின் இயல்பான சொல்பிரிப்பி யூனிகோடில் 'எழுத்து', 'எண்' என்று வகைப்படுத்தியதை மட்டும் சொல்லின் பகுதியாக எடுக்கும். நம் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் 'குறி' வகை. அதுக்கு அவை காற்புள்ளி மாதிரி, வெட்டுகிற இடம். 'தூம்பு' அதன் கண்ணுக்கு த, ம, ப. தும்பியும் த, ம, ப. சொல்பிரிப்பியை உருவாக்கும்போது குறி வகையையும் சேர்க்கச் சொல்லி ஒரு அளவுருவைக் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. ஆனால் ஒரு ரீடரை எழுதுகிற ஐரோப்பியருக்கு இது தோன்ற வாய்ப்பில்லை. எனவே எந்த ரீடரை நிறுவினாலும் முதல் நாளே 'தும்பி' பரிசோதனையைச் செய்து பாருங்கள்.

இவ்வளவு தூரம் டெஸ்க்டாப் ரீடருக்கு வக்காலத்து வாங்கிவிட்டு, அது என்னைக் கைவிட்ட கதையையும் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. 2018 நவம்பர் 16, கஜா. எங்கள் அன்னவாசல் பக்கம் ஆலங்குடி, கீரமங்கலம் அளவுக்குச் சேதம் இல்லை. அங்கே தென்னையும் பலாவும் வேரோடு போயிருந்தன. ஆனாலும் எங்களுக்கும் மின்கம்பம் சாய்ந்து கரண்ட் வரப் பத்து நாளுக்கு மேல் ஆனது. அதுக்கப்புறமும் நெட் இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து ரீடரை ஓட விட்டபோது மூன்று வாரம் போயிருந்தது. ஓடை ஒரு ஜன்னல் என்று சொன்னேன் இல்லையா? செய்தித் தளங்களின் ஜன்னலில் புயல் எப்போதோ கடந்து போயிருந்தது. எங்கள் மாவட்டத்தைப் பற்றி ஊரெல்லாம் எழுதிய அந்த நாட்களின் பதிவுகள்தான் என் நூலகத்தில் இல்லை. மேகத்தில் ஓடும் சேவைகள் இந்த இடத்தில் ஜெயிக்கும், அவர்களுக்குக் கரண்ட் போவதில்லை. (அதே டிசம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 64, லைவ் புக்மார்க் வசதியை எடுத்துவிட்டது. புயல் இல்லாமலே ஜன்னலை அடைத்தார்கள்.)

வலைப்பூக்களுக்கு மட்டும் ஒரு பின்வாசல் உண்டு. வேர்ட்பிரஸ் ஓடை முகவரியோடு பக்க எண்ணைச் சேர்த்து இரண்டு, மூன்று என்று ஏற்றிக் கேட்டால் பழைய பதிவுகளைப் பத்துப் பத்தாகக் கொடுக்கும். பிளாகரிலும் எந்த எண்ணிலிருந்து வேண்டும் என்று சொல்லிக் கேட்கலாம். புதிதாக ஒரு ஓடையைச் சேர்க்கும்போதே இப்படிக் கடைசிவரை போய் மொத்தத்தையும் ஒருமுறை இழுத்துவிடுவது இப்போது என் வழக்கம். பதிவர் உயிரோடு, டொமைன் உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை.

ஐயாவின் பதிவுகளுக்கு வருகிறேன். அட்டாலியில் கிடந்த பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்ததில் 2014 முதல் 2017 வரை நான் தண்டர்பேர்டில் இருந்தது தெரிந்தது. எம்பாக்ஸ் கோப்பு அப்படியே இருந்தது. 61 பதிவுகள். இணைய ஆவணக் காப்பகத்தில் தேடி இன்னும் ஏழு. திறக்காத ஒன்பதையும் சேர்த்துப் பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் பண்ணி மகளிடம் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "படம் ஒண்ணும் இல்லையேண்ணே?" என்றார்.

இல்லை. ரீடர் பதிவின் எழுத்தைத்தான் வைக்கிறது. படத்துக்கு வைப்பது இணைப்பு மட்டும், அந்த இணைப்பு போகிற இடம் இப்போது ரம்மி கடை. நான் புழங்கிய எந்த ரீடரும் படத்தைத் தன்னிடம் நிரந்தரமாக இறக்கி வைக்கவில்லை. கல்வெட்டுப் பதிவில் படம் இல்லையென்றால் சாட்சி இல்லாத வழக்குதான். இப்போது புதுப் பதிவு வந்ததும் அதில் உள்ள படங்களைத் தனியாக இறக்கி வைக்க ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறேன். ஐயாவின் படங்களுக்கு அது உதவாது.

அவருடைய 2016ஆம் வருடப் பதிவு ஒன்றில், தூணின் இரண்டாம் வரியில் வரும் பெயரைத் தான் முதலில் தப்பாகப் படித்ததாகவும், கீழே உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சரியான எழுத்து தெரியும் என்றும் எழுதியிருக்கிறார். கீழே ஒரு காலிக் கட்டம். போன வாரம் அந்தக் கண்மாய்க்கே போய்ப் பார்த்தேன். இந்த வருடம் மழை நல்லா பேஞ்சிருக்கு; தூணின் தலை மட்டும் தெரிகிறது, எழுத்து தண்ணீருக்குள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "பங்குனிக்கு மேல வாப்பா, அப்பத்தான் வத்தும்" என்றார்.